ஆபரேஷன் முடிந்த நோயாளியை ஓவர் எடுப்பவர்தான் கேட்க வேண்டும்

90 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் போஸ்ட் ஆப் வார்டு, அதாவது ஆபரேஷன் முடிந்தவர்களுக்கான வார்டின் இன்சார்ஜாக இருக்கிறீர்கள். ஷிப்ட் மாறும்போது ஓவர் (நோயாளியைப் பற்றிய விவரத்தையும் பொறுப்பையும் அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பது) சரியாகப் போவதில்லை, ஆன்டிபயாடிக் டோஸ் விட்டுப்போகிறது, டிரெய்ன் (ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து ரத்தத்தையும் நீரையும் வெளியேற்றும் குழாய்) அளவு ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் பொருந்துவதில்லை. நிர்வாகம் 4 பக்க ஹேண்டோவர் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து 3 மாதம் ஆகியும் எதுவும் மாறவில்லை, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 22 வருடம் சர்ஜிகல் வார்டுகளில் வேலை பார்த்தவள், அதில் பாதிக்கு மேல் இரவு டியூட்டி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்தப் படிவம். நீங்கள் அதைக் குறைகூறவில்லை, ஆனால் நான் கூறுகிறேன். 4 பக்கப் படிவத்தை யாரும் ஷிப்ட் முடியும் நேரத்தில் நோயாளியைப் பார்த்து நிரப்புவதில்லை, ஒரு மணி நேரம் முன்னதாக நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து, முந்தின ஷிப்டின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புகிறார்கள். டிரெய்னை எடுத்த மறுநாளும் ‘டிரெய்ன் உள்ளது’ என்று எழுதிய தாள்களை நான் என் கையால் எடுத்துப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் சோம்பேறி இல்லை. உங்கள் வார்டின் 14 நோயாளிக்கு 4 பக்கம் என்றால் 56 பக்கம், வேறு எப்படி எழுதுவார்?

என் கருத்து ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது. நாம் ஓவர் கொடுப்பவரை மட்டும் திருத்தப் பார்க்கிறோம். எடுப்பவர் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அவரைக் கேள்வி கேட்க வைத்தால், காதில் வாங்கியதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தால், நோயாளியின் கட்டிலருகே அவர் கையால் தொட்டுப் பார்க்க வைத்தால், படிவம் ஒரு பக்கமாக இருந்தாலே போதும்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், கர்ப்பப்பை எடுத்த ஒரு அம்மா, 46 வயது. காலை 11 மணிக்குத் தியேட்டரிலிருந்து வார்டுக்கு வந்தார். அப்போது பல்ஸ் 84. மாலை 5 மணிக்கு 96, 7 மணிக்கு 108. பிரஷர் 120/80, 116/76, 112/70. இரவு டியூட்டிக்கு நான் போனேன். ஈவினிங் சிஸ்டர் சொன்னது: “வைட்டல்ஸ் ஸ்டேபிள், டிரெய்ன் மினிமல், வலிக்கு ஊசி போட்டாச்சு.” நான் சரி என்றேன். பக்கத்துப் படுக்கைக்குப் போய்விட்டோம். இரவு பத்தரைக்கு அந்த அம்மா “மயக்கமா வருது சிஸ்டர்” என்றபோதுதான் போய்ப் பார்த்தேன், பல்ஸ் 126, வயிறு கல் மாதிரி, சிறுநீர்ப் பையில் ஏழரைக்கு இருந்ததைவிட அதிகமாக ஒன்றும் இல்லை. டிரெய்னில் 20 மில்லி. குழாய் தொடைக்கு அடியில் மடங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக் கிடந்தது. திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள், வயிற்றுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம். அந்த அம்மா பிழைத்துவிட்டார், அதுதான் பெரிய ஆறுதல்.

அந்த ஈவினிங் சிஸ்டர் பொய் எதுவும் சொல்லவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் பயமுறுத்தாத எண்தான். 84, 96, 108 என்று மூன்றையும் ஒரே வரியில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. டிரெய்ன் மினிமல் என்றதும் நல்லது என்று நான் எடுத்துக்கொண்டேன். அடைத்த குழாயிலும் அளவு குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரத்தம் போகும்போது முதலில் ஏறுவது பல்ஸ், பிரஷர் கடைசியில்தான் விழும். முக்கால் லிட்டர் இழந்த பிறகும் மேல் பிரஷர் அப்படியே நிற்கலாம். இதை நர்சிங் இரண்டாம் வருடத்திலேயே படித்தவள் நான். ஆனால் ஓவர் எடுக்கும்போது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இன்சார்ஜாக இருந்த வார்டுகளில் ஸ்டேபிள், மினிமல், நார்மல் என்ற மூன்று சொற்களையும் ஓவரில் சொல்லவே கூடாது என்று வைத்தேன். எண்ணைச் சொல், நேரத்தைச் சொல், அதற்கு முன் என்ன இருந்தது என்பதையும் சொல். “பல்ஸ் இப்ப 108, அஞ்சு மணிக்கு 96, தியேட்டர்ல இருந்து வந்தப்ப 84.” இப்படிச் சொல்லும்போதே சொல்பவருக்கே உறைக்கும். உங்கள் வார்டில் நாளைக்கே தொடங்கக்கூடியது இது, ஒரு பைசா செலவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இப்போது எடுப்பவர் பக்கம். ஹேண்டோவர் என்றாலே எல்லா ட்ரெயினிங்கிலும் எஸ்.பி.ஏ.ஆர். சொல்லித்தருகிறார்கள், அதாவது நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த முறை, 2000-களின் தொடக்கத்தில் அந்த நாட்டின் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தன. நல்ல முறைதான். நள்ளிரவில் டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டு “வாங்க” என்று சொல்ல வேண்டிய நேரத்துக்கு அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஆனால் ஷிப்ட் மாற்றத்துக்கு அது போதாது என்பது என் அனுபவம், ஏனென்றால் அதில் பேசுபவருக்குத்தான் வேலை, கேட்பவருக்கு வேலையே இல்லை.

ஐ-பாஸ் என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் 5 பகுதி: நோயாளி எவ்வளவு மோசம், சுருக்கமான கதை, செய்ய வேண்டிய வேலைகள், என்ன நடக்கலாம் நடந்தால் என்ன செய்வது, கடைசியாக எடுப்பவர் எல்லாவற்றையும் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில், 10,740 அட்மிஷன்களை வைத்துப் பார்த்து 2014-ல் முடிவுகள் வெளியாயின. மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன, தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. அது பயிற்சி டாக்டர்களிடம் செய்த ஆய்வு, நர்ஸ்களிடம் இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு எண். ஒரு நோயாளிக்கு வாய்மொழி ஓவர் முன்பு 2.4 நிமிடம் எடுத்தது, புது முறையில் 2.5 நிமிடம். “இதுக்கெல்லாம் எங்க சிஸ்டர் நேரம்?” என்று உங்கள் ஸ்டாஃப் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அப்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

திருப்பிச் சொல்வது எப்படி இருக்கும் என்றால், இப்படி: “அப்போ 4-ஆம் பெட் அம்மாவுக்கு பாராசிட்டமால் ஆறு மணிக்குப் போட்டாச்சு, அடுத்தது பன்னிரண்டுக்கு. யூரின் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனா டாக்டரைக் கூப்பிடணும். டிரெய்ன் 80-ல கோடு போட்டிருக்கு. வேற ஏதாவது விட்டுட்டேனா?” அவ்வளவுதான், 20 விநாடி. இதில் தப்பாகப் புரிந்துகொண்டது அப்போதே வெளியே வந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. சீனியர் ஓவர் கொடுக்கும்போது புதிதாகச் சேர்ந்த பெண் கேள்வி கேட்கப் பயப்படுவாள், கேட்டால் “கேஸ் ஷீட்ல இருக்கு பாரு” என்று பதில் வரும். எல்லோரும் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்பது வார்டு விதியாகிவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் தனியாகத் துணிச்சல் தேவைப்படாது. இன்சார்ஜாகிய நீங்களே அவளிடம் ஓவர் எடுக்கும்போது திருப்பிச் சொல்லுங்கள், பேச்சைவிட அதுதான் வேலை செய்யும்.

அடுத்தது, நீங்கள் ஒரே ஓவராகப் பேசியது உண்மையில் இரண்டு. ரெக்கவரி ரூமிலிருந்து வார்டுக்கு வரும்போது நடப்பது ஒன்று, வார்டுக்குள் ஷிப்ட் மாறும்போது நடப்பது இன்னொன்று. முதலாவதில் நோயாளியும் நகர்கிறார், நர்ஸும் மாறுகிறார், ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றிக்கொண்டே, ஆக்சிஜனை மாட்டிக்கொண்டே, ரெக்கவரி சிஸ்டர் பேசிக்கொண்டே போவார். ஒன்றும் காதில் ஏறாது. லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதே பிரச்சினை, இதய அறுவை முடிந்த குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும்போது. அவர்கள் பெராரி கார்ப் பந்தயக் குழுவிடம் போய்க் கேட்டார்கள், பந்தயத்தின் நடுவே காரை நிறுத்தி டயர் மாற்றும் பிட் ஸ்டாப்பில் சில விநாடிகளில் அத்தனை பேர் முட்டிக்கொள்ளாமல் வேலை செய்வது எப்படி என்று. கற்றுக்கொண்டது எளிமையானது: யார் எந்த வேலை என்பது முன்னாலேயே முடிவு, பொறுப்பாக ஒருவர், முதலில் கருவிகளை மாட்டி முடிப்பது, அப்புறம் எல்லோரும் கையை எடுத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுவது. 2007-ல் வெளியான அவர்களது ஆய்வில் ஒரு மாற்றத்துக்குச் சராசரி 5.42 ஆக இருந்த தொழில்நுட்பத் தவறுகள் 3.15 ஆகவும், விட்டுப்போன தகவல்கள் 2.09 லிருந்து 1.07 ஆகவும் குறைந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது அதில் ஒன்றே ஒன்று. நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்து, ஆக்சிஜன், பல்ஸ் ஆக்சிமீட்டர், பிரஷர் கஃப் மாட்டி, முதல் ரீடிங் எடுக்கும்வரை பேச்சு வேண்டாம். எடுத்த பிறகு ரெக்கவரி சிஸ்டர் பேசட்டும், முதல் ரீடிங் அவர் சொன்னதோடு பொருந்தவில்லை என்றால் அவர் கிளம்பக் கூடாது. ரெக்கவரியில், மயக்கத்திலிருந்து எவ்வளவு தேறினார் என்று அளக்கும் ஆல்ட்ரீட் ஸ்கோர் 10-க்கு 9 வந்ததும் அனுப்பிவிடுவார்கள். 1970-லிருந்து இருக்கிற ஸ்கோர் அது, நல்ல கருவி, ஆனால் அங்கே இருந்த 9 தூக்கி மாற்றும்போது 7 ஆகியிருக்கலாம்.

ரெக்கவரி சிஸ்டரிடம் என்ன கேட்பது? என்ன ஆபரேஷன் என்பது எல்லோரும் சொல்வார்கள். கேட்க வேண்டியது, நினைத்தபடி நடந்ததா என்பது. லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்துத் திறக்க வேண்டி வந்ததா, ரத்தம் எவ்வளவு போனது, உள்ளே ஏதாவது எதிர்பாராதது நடந்ததா. என்ன மயக்க மருந்து, ஸ்பைனல் (முதுகில் போடும் மயக்க ஊசி) என்றால் அதில் மார்ஃபின் சேர்த்தார்களா. இது மிக மிக முக்கியம், ஏனென்றால் ஸ்பைனலில் போட்ட மார்ஃபின் 24 மணி நேரம் வரைக்கும் மூச்சைக் குறைக்கலாம், நோயாளி நன்றாகத் தூங்குகிறார் என்று இரவு சிஸ்டர் நினைத்துக்கொண்டிருப்பார். முதல் 12 மணி நேரம் மணிக்கு ஒரு முறை மூச்சையும் விழிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும், அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. தியேட்டரில் பாராசிட்டமால் போட்டார்களா, எத்தனை மணிக்கு. அது தியேட்டர் தாளில் ஒரு மூலையில் இருக்கும், வார்டு மருந்துத் தாளில் இருக்காது, வார்டுக்கு வந்ததும் இன்னொரு கிராம் போய்விடும். நம் ஊரில் 40, 45 கிலோ அம்மாக்கள் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு கிராம் என்பதே அதிகம், கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் கணக்கு. எபிடியூரல் குழாய் (வலி மருந்துக்காக முதுகில் வைக்கும் மெல்லிய குழாய்) இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நேரத்தோடு வேண்டும்; தினசரி தடுப்பு டோஸ் எனாக்ஸாபரின் என்றால் ஊசிக்கும் குழாய் எடுப்பதற்கும் நடுவில் குறைந்தது 12 மணி நேரம், எடுத்து 4 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஊசி. ‘எத்தனை மணிக்கு’ இல்லாத எந்த மருந்துத் தகவலையும் ஏற்காதீர்கள்.

அப்புறம் ஒரு கேள்வி, இதை மட்டும் உங்கள் தாளின் உச்சியில் பெரிய எழுத்தில் போடுங்கள்: இந்த நோயாளிக்கு இன்றிரவு எதற்குப் பயப்பட வேண்டும்? தைராய்டு ஆபரேஷன் என்றால் கழுத்துக்குள் ரத்தக்கட்டு. கழுத்து வீங்குவது, குரல் மாறுவது, விழுங்க முடியாமல் போவது, நோயாளி காரணமில்லாமல் பதற்றப்படுவது, இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது, தையலைப் பிரிக்கும் ட்ரே கட்டிலருகே இருக்கிறதா என்று ஓவரின்போதே கண்ணால் பார்க்க வேண்டும். சிசேரியன் என்றால் பேட் எத்தனை நனைந்தது, கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா. காலில் மாவுக்கட்டு என்றால் விரலை மெல்ல நீட்டிப் பார்க்கும்போது துடித்துப்போகிற வலி. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எடுத்தவர் என்றால் எடுத்து எத்தனை மணி நேரம் ஆகிறது, சிறுநீர் போனாரா. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே ஒரு பயம் போதும், கூடவே அது வந்தால் யாரைக் கூப்பிடுவது, அந்த டாக்டர் இன்றிரவு இருக்கிறாரா.

கட்டிலருகே போனதும் எடுப்பவரின் கை வேலை செய்ய வேண்டும். நோயாளியின் உடம்பில் ஊசி நுழையும் இடத்திலிருந்து தொடங்கி, குழாயை விரலால் பிடித்துக்கொண்டே பாட்டில்வரை அல்லது பம்ப்வரை போங்கள், எதிர்த்திசையில் போகாதீர்கள். வெய்ன்ஃப்ளான் (ரத்தக் குழாயில் வைத்திருக்கும் ஊசிக்குழாய்) இருக்கும் இடம் வீங்கியிருக்கிறதா, த்ரீ-வே (மருந்து போகும் வழியைத் திருப்பும் மூவழித் திருகு) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எபிடியூரல் குழாயில் லேபிள் இருக்கிறதா. டிரெய்ன் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதி இருவரும் பாருங்கள். காயத்தின் கட்டுத் துணியில் ரத்தக் கறை இருந்தால் அதைச் சுற்றியும் கோடு, நேரம். இந்த இரண்டு கோடுகளும் போட ஆரம்பித்தாலே உங்கள் டிரெய்ன் அளவுப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மருந்துத் தாளில் கையெழுத்து இல்லாத கட்டங்களை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும், வெளியே போகிறவர் இன்னும் இங்கேதானே இருக்கிறார், போட்டதா இல்லையா என்று இப்போதே கேட்டுவிடலாம்.

நோயாளியையும் பேசவிடுங்கள். “காலையில அந்தப் பெரிய ஊசி போடவே இல்லையே சிஸ்டர்” என்று அவர் சொல்லித்தான் விட்டுப்போன டோஸ் பல முறை எனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி., கருக்கலைப்பு, குடும்பத்துக்கு இன்னும் சொல்லாத புற்றுநோய் இவையெல்லாம் ஸ்டேஷனில் பேசிவிட்டுத்தான் கட்டிலுக்கு வர வேண்டும். நம் வார்டில் ஒரு நோயாளியைச் சுற்றி நாலு சொந்தக்காரர்கள் நிற்பார்கள், பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் காது கேட்கும்.

உங்கள் வார்டில் 14 பேர், இது முடியும். 40 பேருக்கு இரண்டு சிஸ்டர் இருக்கும் அரசு மருத்துவமனை வார்டில் எல்லோருக்கும் இப்படிச் செய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே ஆபரேஷன் ஆகி முதல் இரண்டு நாளில் இருப்பவர்கள், டிரெய்னோ எபிடியூரலோ இருப்பவர்கள், நியூஸ்-2 ஸ்கோர் (பல்ஸ், பிரஷர், மூச்சு போன்றவற்றை வைத்து உடல்நிலை மோசமாவதைக் காட்டும் எண்) 5 அல்லது அதற்கு மேல் போனவர்கள், “எனக்கு இவரைப் பார்த்தால் சரியாகப் படவில்லை” என்று வெளியே போகும் சிஸ்டர் சொல்பவர்கள், இவர்களுக்கு மட்டும் கட்டிலருகே, மற்றவர்களுக்கு ஸ்டேஷனில். அந்தக் கடைசி வகையை விட்டுவிடாதீர்கள், அனுபவமுள்ள நர்ஸின் அந்தச் சந்தேகம் ஸ்கோருக்கு முன்னாலேயே வரும்.

நேரம் பற்றி நிர்வாகத்திடம் நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். ஒன்றரை மணிக்கு ஷிப்ட் முடிகிறது, ஒன்று நாற்பதுக்குப் பஸ், அடுத்த பஸ் இரண்டே முக்காலுக்கு. இந்த நிலையில் ஒருவர் ஓவர் கொடுத்தால் எப்படிக் கொடுப்பார்? ஷிப்டுகள் 20 நிமிடமாவது ஒன்றோடொன்று மேல்விழ வேண்டும், அந்த 20 நிமிடத்துக்குச் சம்பளம் இருக்க வேண்டும். அதைத் தராமல் படிவம் மட்டும் தருவது நியாயமில்லை. கூடவே, ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில் அவசரமில்லாத நோயாளியைத் தியேட்டரிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று ரெக்கவரி இன்சார்ஜிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். சர்ஜன் ரவுண்ட்ஸ் அந்த நேரத்தில் வந்தால் கூடப் போக ஒருவர், போனை எடுக்க ஒருவர், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாதபடி. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளி பாதுகாப்புக்கு வெளியிட்ட 9 தீர்வுகளில் ஓவரும் ஒன்று, குறுக்கீடில்லாத நேரம், கேள்வி கேட்க இடம், திருப்பிச் சொல்வது எல்லாம் அதில் இருக்கிறது. நிர்வாகத்திடம் பேசும்போது அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சொந்தக் கோரிக்கையாக மட்டும் அது தெரியாது.

சுருக்கெழுத்து ஒரு தனித் தொல்லை. ஓ.டி. என்றால் ஒருவருக்குத் தினம் ஒரு வேளை, இன்னொருவருக்கு ஆபரேஷன் தியேட்டர், கண் வார்டிலிருந்து வந்தவருக்கு வலது கண். உங்கள் ஸ்டாஃபில் கேரளத்துப் பெண்கள், வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள், வேகமான தமிழில் சொன்ன எண் அவர்களுக்கு வேறு எண்ணாகக் கேட்கலாம். எண்களை ஆங்கிலத்திலேயே சொல்லலாம், திருப்பிச் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

தொடங்குவது எப்படி என்றால், எல்லா வார்டிலும் ஒரே நாளில் வேண்டாம். உங்கள் வார்டில் மட்டும் முதல் வாரம் எதையும் மாற்றாமல் 10 ஓவர்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள், காலை, மதியம், இரவு மூன்றிலும். எத்தனை முறை எடுப்பவர் ஒரு கேள்வியாவது கேட்டார், எத்தனை முறை இருவரும் நோயாளியைத் தொட்டுப் பார்த்தார்கள், எத்தனை முறை யாரோ நடுவில் கூப்பிட்டார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். யார் பெயரும் எழுதாதீர்கள், யாரையும் அப்போது திருத்தாதீர்கள். பெயர் எழுதினால் உங்கள் முன்னால் மட்டும் நன்றாக நடக்கும். இரண்டாவது வாரம் அந்த மூன்று சொற்களை நிறுத்துங்கள், திருப்பிச் சொல்வதைத் தொடங்குங்கள். டிரெய்ன் கோடும் பயக் கேள்வியும் அதற்கடுத்த வாரம். ஒரு பக்கத் தாளை உங்கள் ஸ்டாஃபே வரையட்டும், நாலு முறை அடித்துத் திருத்தட்டும், அப்போதுதான் அது அவர்கள் தாளாகும்.

முன்னேற்றத்தை அளக்க நான் வைத்திருந்த அளவு ஒன்று உண்டு. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போன சிஸ்டருக்கு வார்டிலிருந்து எத்தனை போன் போகிறது? “அந்த 7-ஆம் பெட்டுக்கு ஊசி போட்டீங்களா?” என்று கேட்கும் போன். ஸ்டேஷனில் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் என்ன கேட்டார்கள் என்று ஒரு வரி மட்டும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் முதல் மாதம் அந்த நோட்டில் பாதிக்கு மேல் மருந்து நேரம்தான், அதனால் மருந்துத் தாளை இருவரும் சேர்ந்து பார்ப்பதை முதலில் பிடித்தோம். உங்கள் நோட்டில் வேறு ஏதாவது அதிகம் வரலாம், எது அதிகம் வருகிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள்.